கப்பல் டிக்கெட்டை கம்பெனியில் எடுப்பதா, ஏஜெண்டிடம் எடுப்பதா? துறைமுக வாசலில் இருந்து திரும்பிய குடும்பம்!

சென்னை துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் நிற்கிறது. அடுக்கு அடுக்காக ஜன்னல்கள். மேல் தட்டில் பாட்டு கேட்கிறது.

மாலை 4 மணி. பெட்டியும் கையுமாக 6 பேர் கவுண்ட்டர் முன்பு நிற்கிறார்கள். மஞ்சள் பட்டுப்புடவை கட்டிய அம்மாளின் தலையில் இன்னும் பூ வாடவில்லை. அன்று காலையில்தான் அவருக்கும் அவர் கணவருக்கும் அறுபதாம் கல்யாணம் நடந்தது.

"லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே சார்" என்றார் கவுண்ட்டரில் இருந்த பெண்.

"நல்லா பாரும்மா. பணம் முழுசா கட்டியாச்சு. இந்தா, டிக்கெட்!"

பெரியவர் கலர் காகிதம் ஒன்றை நீட்டினார். கப்பல் படம் போட்ட வழவழ காகிதம். அந்தப் பெண் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"சார், இது எங்க டிக்கெட் இல்ல. உங்க ஏஜெண்டு கொடுத்த பில்லு. இதுல எங்க நம்பரே இல்ல."

மகன் ஏஜெண்டுக்கு போன் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். இந்த முறை "சுவிட்ச் ஆப்" என்று பதில் வந்தது.

அம்மாள் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். கப்பல் சங்கு ஊதிப் புறப்பட்டபோது, அந்தக் குடும்பம் ராஜாஜி சாலையில் ஆட்டோ பிடித்துக் கொண்டிருந்தது.

இது நடந்தது 2023-ம் ஆண்டு.

ரூ.1 லட்சத்து 92 ஆயிரம்!

பெரியவர் பெரம்பூர் ரயில் பெட்டி தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் ரயில் பெட்டிக்கு கணக்கு எழுதியவருக்கு கப்பலில் ஒரு தடவை போய்ப் பார்க்க ஆசை.

"அறுபதாம் கல்யாணத்துக்கு சத்திரம், சாப்பாடுன்னு செலவு பண்றதுக்கு, நாம ஆறு பேரும் கப்பல்ல போயிட்டு வரலாம்" என்று மகன்தான் முதலில் பேச்சை எடுத்தார். காலையில் கோவிலில் மாலை மாற்றுவது, மாலையில் கப்பல் ஏறுவது என்று முடிவானது.

மகன், மருமகள், மகள், மருமகன் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

"செல்போன்லயே புக் பண்ணிடலாம் மாமா. நடுவுல யாரும் வேணாம்" என்றார் மருமகள்.

"தெரிஞ்ச ஆள்னா நல்லது. ஏதாவது ஒண்ணுன்னா போய்க் கேக்கலாம்" என்றார் பெரியவர்.

பெரியவர் பேச்சே வென்றது. எழும்பூரில் மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை வைத்திருந்த ஒரு ஏஜெண்டிடம் போனார்கள். முன்பு காசி யாத்திரைக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஆள். காபி வாங்கிக் கொடுத்தார். "ஐயா, உங்களுக்காக ஸ்பெஷல் ரேட்டு" என்றார்.

ஆளுக்கு ரூ.32 ஆயிரம். 6 பேருக்கு ரூ.1 லட்சத்து 92 ஆயிரம். முன்பணம் ரூ.60 ஆயிரம் ரொக்கமாகக் கொடுத்தார்கள். மீதி ரூ.1 லட்சத்து 32 ஆயிரத்தை ஏஜெண்டின் சொந்த செல்போன் நம்பருக்கு மகன் அனுப்பினார்.

என்ன நடந்தது? ஏஜெண்டு முன்பணத்தில் ஒரு பகுதியைக் கட்டி கம்பெனியில் 3 அறைகளைப் பிடித்து வைத்தார். அதுவரை சரி. மீதிப் பணத்தை எடுத்து வேறு கடனை அடைத்துவிட்டார். கெடு தேதி வந்தது. பணம் வரவில்லை. கம்பெனி அந்த 3 அறைகளையும் வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டது.

இந்த விவரம் எதுவும் பெரம்பூருக்கு எட்டவில்லை. அங்கே பூஜை அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த கலர் காகிதம் பத்திரமாக இருந்தது!

மூன்றாவது வீட்டுக் கதை

"பார்த்தீங்களா? அதான் நேரா கம்பெனியிலேயே எடுக்கணும்" என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இன்னொரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் அதே சீசனில் கம்பெனியின் இணையதளத்திலேயே நேரடியாக டிக்கெட் எடுத்தார்கள்.

பணம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. லிஸ்டில் பெயர் இருந்தது. கப்பலும் ஏறினார்கள். ஆனால் அறைக் கதவைத் திறந்ததும் திகைத்துவிட்டார்கள்.

ஜன்னல் இல்லை! கடல் தெரியவில்லை! கீழே இரண்டு படுக்கை. சுவரில் இருந்து மடக்கி இறக்கும் படுக்கை மேலே இரண்டு. ஏணி வைத்து ஏற வேண்டும். போனவர்கள் 4 பேர். அதில் ஒருவர் 74 வயது பாட்டி.

பாட்டிக்கு கீழ்ப் படுக்கையைக் கொடுத்துவிட்டு, மூட்டு வலிக்காரரான மகன் ஏணியில் ஏறினார்.

"அறையை மாத்திக் கொடுங்க, கூட பணம் வேணும்னாலும் தர்றோம்" என்று கேட்டார்கள். கப்பல் நிரம்பிவிட்டது. மாற்ற இடம் இல்லை.

தவறு கம்பெனி மேல் இல்லை. குறைந்த விலை எதுவோ அதை அமுக்கியவர் அந்த வீட்டுப் பிள்ளைதான். அது "உள் அறை" என்று அங்கேயே எழுதி இருந்தது. அவர் படிக்கவில்லை.

"ரெண்டு நாளும் பொழுது விடிஞ்சுதா, அடஞ்சுதான்னே தெரியலைப்பா" என்று பாட்டி இன்னும் சொல்லிக் கொண்டிருக்கிறார்.

ஒரு வீட்டில் பணம் போனது. இன்னொரு வீட்டில் சுகம் போனது. அப்படியானால் டிக்கெட்டை எங்கேதான் எடுப்பது?

சென்னையில் கப்பல் வந்த கதை

சென்னைக்காரர்களுக்கு கப்பல் பயணம் புதிது அல்ல. ஒரு காலத்தில் "ரஜூலா", அதன் பிறகு "சிதம்பரம்" என்ற கப்பல்கள் இங்கிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குப் போய் வந்தன. 1985-ம் ஆண்டு "சிதம்பரம்" கப்பலில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது.

அது பிழைப்பு தேடிப் போன பயணம். இப்போது நடப்பது பொழுதுபோக்குப் பயணம். 2022-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி "கார்டெலியா" கம்பெனியின் "எம்பிரஸ்" கப்பலை சென்னை துறைமுகத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்துத் தொடங்கி வைத்தார். 1990-ல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்ட கப்பல் அது. நடுக்கடல் வரை போய்த் திரும்பும் பயணம், விசாகப்பட்டினம் போகும் பயணம் என்று ஓடியது. 2023 ஜூனில் சென்னையில் இருந்து இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய ஊர்களைத் தொட்டது.

இந்தக் கம்பெனி தானும் டிக்கெட் விற்கிறது. ஏஜெண்டுகள் மூலமும் விற்கிறது. 2021 செப்டம்பரில் ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனத்தோடும் கைகோர்த்தது. ஆக, ஒரே அறைக்கு பல கதவுகள்! எந்தக் கதவில் நுழைவது என்பதில்தான் குழப்பம்.

கமிஷன் யார் பையில் இருந்து?

"ஏஜெண்டிடம் போனால் கமிஷன் போகும், விலை கூடும்" என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல் தொழிலில் பெரும்பாலும் அப்படி இல்லை.

ஏஜெண்டுக்கு கமிஷன் கொடுப்பது கப்பல் கம்பெனி. பெரிய கம்பெனிகளில் வழக்கமாக கட்டணத்தில் 10 சதவீதத்தில் தொடங்கும். நிறைய விற்பவருக்கு அதற்கு மேலும் உண்டு. துறைமுகக் கட்டணம், வரி போன்றவற்றுக்கு கமிஷன் கிடையாது. நேரே போய் டிக்கெட் எடுத்தாலும் அந்த கமிஷனை நமக்குக் கழித்துத் தர மாட்டார்கள். அது கம்பெனிக்கு லாபம். அதனால்தான் பல சமயம் இரண்டு இடத்திலும் ஒரே விலை இருக்கிறது.

சில சமயம் ஏஜெண்டிடம் குறைவாகவும் கிடைக்கும். மொத்தமாக அறைகளைப் பிடித்து வைத்து, பழைய விலையில் விற்பார்கள். 8 அறை சேர்த்து எடுத்தால் அதில் ஒரு ஆளுக்கு கட்டணம் இலவசம் என்பது பல வெளிநாட்டுக் கம்பெனிகளில் உள்ள வழக்கம். கல்யாண கோஷ்டி, ஆபீஸ் கோஷ்டி என்று கூட்டமாகப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். செல்போனில் தட்டினால் இது தானாக வராது.

ஆனால் ஒரு ஏஜெண்டு மட்டும் மற்ற எல்லோரையும் விட பாதி விலை சொல்கிறாரா? உஷார்! 10 ரூபாய் கமிஷன் வாங்குகிறவர் 50 ரூபாய் தள்ளுபடி எப்படித் தருவார்? பாக்கி 40 ரூபாய் எங்கிருந்து வரும்? அடுத்து வரும் குடும்பத்தின் பணத்தில் இருந்து!

விளம்பர விலையும் கடைசி விலையும்

விலையை ஒப்பிடும்போது பலர் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது அறைக் கட்டணம் மட்டும். அதுவும் ஒரு அறையில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு என்ன என்ற கணக்கு. தனி ஆளாகப் போனால் பல இடங்களில் இரண்டு ஆள் கட்டணத்தை நெருங்கிவிடும்.

அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், கப்பல் சிப்பந்திகளுக்கான இனாம், ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறும். கப்பலில் சில சாப்பாட்டுக் கூடங்களுக்கும், மதுவுக்கும், கரையில் இறங்கி ஊர் சுற்றுவதற்கும் தனிப் பணம்.

எனவே ஏஜெண்டு சொல்லும் "எல்லாம் சேர்த்து" விலையையும், இணையதளத்தில் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் பக்க விலையைப் பார்த்துவிட்டு ஏஜெண்டோடு சண்டைக்குப் போவது வீண்.

ஏஜெண்டால் என்ன லாபம்?

விஷயம் தெரிந்த ஏஜெண்டு முதலில் கேள்வி கேட்பார்.

வயதானவர் வருகிறாரா? மாடிப்படி ஏறுவாரா? குமட்டல் உண்டா? (உண்டு என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தட்டில் அறை பார்ப்பார். அங்கே ஆட்டம் குறைவு.) கைக்குழந்தை இருக்கிறதா? வீட்டில் கர்ப்பிணி யாராவது வருகிறாரா? 24 வாரம் ஆகிவிட்ட கர்ப்பிணிகளை பல கப்பல்களில் ஏற்றுவதில்லை. பணம் கட்டிவிட்டு துறைமுகத்தில் போய் இதைத் தெரிந்து கொண்டால் என்ன பயன்?

பெயர் விஷயத்திலும் நம் ஆட்களுக்கு ஒரு தொல்லை உண்டு. நமக்கு இன்ஷியல்தான். கம்பெனியின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கிறது. ஒருவர் இன்ஷியலைப் போடுவார். இன்னொருவர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார். ஆதாரில் ஒரு விதம், டிக்கெட்டில் ஒரு விதம் என்று ஆகிவிடும். கவுண்ட்டரில் நிறுத்தி விடுவார்கள். சென்னை ஏஜெண்டுகளுக்கு இது அத்துபடி. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுவார்கள்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு வேறு ஒரு கண்ணி இருக்கிறது. விமானத்தில் சிங்கப்பூர் போய் இறங்குவது ஒரு நுழைவு. கப்பல் ஏறி மலேசியா, தாய்லாந்து போய்விட்டு மீண்டும் சிங்கப்பூரில் இறங்குவது இரண்டாவது நுழைவு. ஒரே ஒரு தடவை நுழையும் விசாவை வைத்துக் கொண்டு கப்பல் ஏற முடியாது. தானே டிக்கெட் எடுத்தவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. விமானம், ஓட்டல், விசா, கப்பல் எல்லாம் ஒன்றோடு ஒன்று கோர்த்த பயணத்துக்கு ஏஜெண்டு தேவைப்படுவது இதற்குத்தான்.

வெளிநாட்டு சுற்றுலாவை பேக்கேஜாக விற்கும் இந்திய ஏஜெண்டு, வருமான வரிக் கணக்கில் ஒரு தொகையைப் பிடித்துக் கட்டுவார். 2020 அக்டோபர் 1-ந் தேதி முதல் உள்ள ஏற்பாடு இது. சதவீதத்தை பட்ஜெட்டில் மாற்றுவது உண்டு. வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக் கொள்ளலாம். எனவே ரசீதில் பான் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

நேரே எடுத்தால் என்ன லாபம்?

பணம் நேராகக் கம்பெனிக்குப் போகிறது. நடுவில் யாரும் தொட முடியாது. இது முதல் லாபம்.

இரண்டாவது, பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும், அறையை மாற்ற வேண்டும் என்றால் கம்பெனியோடு நேரே பேசலாம். ஏஜெண்டு மூலம் எடுத்தவர் கம்பெனிக்கு போன் போட்டால், "உங்க ஏஜெண்டைக் கேளுங்க" என்றுதான் பதில் வரும். அவர் பெயரில்தான் அந்த டிக்கெட் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏஜெண்டு கடை பூட்டி இருந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, பயணம் ரத்தானால் பணம் ஒரே தாவலில் வந்துவிடும். ஏஜெண்டு என்றால் இரண்டு தாவல். கம்பெனியில் இருந்து ஏஜெண்டுக்கு, ஏஜெண்டில் இருந்து நமக்கு. இரண்டாவது தாவலில்தான் பலருடைய பணம் நொண்டுகிறது. ஏஜெண்டு தன் பங்குக்கு சர்வீஸ் சார்ஜ் பிடிப்பதும் உண்டு.

ஆனால் நேரே எடுப்பவர் எல்லா நிபந்தனையையும் தானே படிக்க வேண்டும். புறப்படும் நாள் நெருங்க நெருங்க ரத்துப் பிடித்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசி நாட்களில் முழுப் பணமும் போய்விடும். "ஒப்புக்கொள்கிறேன்" என்ற கட்டத்தை அமுக்கிய பிறகு "தெரியாது" என்று சொல்ல முடியாது.

போலி இணையதளத்தில் விழுவதும் உண்டு. கம்பெனி பெயரைத் தேடி, முதலில் வந்த போன் நம்பரைக் கூப்பிட்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். எதிர்முனையில் பேசுகிறவன் இனிக்க இனிக்கப் பேசுவான். ஓ.டி.பி. கேட்பான். கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போய், அங்கே உள்ள நம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

கம்பெனியே மூழ்கினால்?

"நேரே கட்டினால் பயமே இல்லை" என்றும் சொல்ல முடியாது. கம்பெனிகளும் கவிழ்ந்திருக்கின்றன.

மும்பையில் 2019-ம் ஆண்டு "ஜலேஷ்" என்ற கப்பல் கம்பெனி தொடங்கியது. "கர்ணிகா" என்ற கப்பலை ஓட்டியது. கொரோனா வந்தது. 2020-ல் கம்பெனி மூடப்பட்டது. கப்பல் உடைக்கப் போய்விட்டது.

சென்னைக்காரர்கள் சிங்கப்பூர் போனால் ஏறுகிற "சூப்பர்ஸ்டார் விர்கோ" கப்பல் பலருக்கு நினைவு இருக்கும். அதை ஓட்டிய கெந்திங் ஹாங்காங் குழுமம் 2022 ஜனவரியில் திவாலாகி கோர்ட்டுக்குப் போனது. முன்கூட்டியே பணம் கட்டியவர்கள் கடன்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

ஏஜெண்டு பக்கத்திலும் இதே கதைதான். 1758-ல் தொடங்கியதாகச் சொல்லப்பட்ட "காக்ஸ் அண்ட் கிங்ஸ்" என்ற பெரிய சுற்றுலா நிறுவனமே 2019-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தில் "தாமஸ் குக்" கவிழ்ந்தது. (இந்தியாவில் அதே பெயரில் இருப்பது வேறு கம்பெனி.) வெளிநாடுகளில் தவித்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான பயணிகளை அந்த நாட்டு அரசாங்கமே காப்பு நிதி ஏற்பாட்டின் உதவியோடு ஊர் திருப்பிக் கொண்டு வந்தது. அப்படிப்பட்ட கட்டாயக் காப்பு ஏற்பாடு இந்தியாவில் இல்லை. இங்கே நம் பணத்துக்கு நாம்தான் காவல்.

ஆகவே பழைய பெயர், பெரிய போர்டு, ஏ.சி. ஆபீஸ் இவற்றை மட்டும் நம்பி, ஓராண்டுக்கு முன்பே முழுப் பணத்தையும் கொட்ட வேண்டாம். கெடு தேதி வரை முன்பணம் மட்டும் கட்டினால் போதும்.

புதுச்சேரியில் நின்ற கப்பல்

யாரிடம் டிக்கெட் எடுத்தாலும் மாறாத விஷயம் ஒன்று உண்டு. அது கப்பலின் பாதை.

2022 ஜூனில் "எம்பிரஸ்" கப்பல் புதுச்சேரிக்குப் போவதாக இருந்தது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று அங்கே எதிர்ப்பு கிளம்பியது. அரசு அனுமதி தரவில்லை. கப்பல் கடலில் நின்றுவிட்டு, பயணிகளை இறக்காமலேயே சென்னை திரும்பியது.

புயல், துறைமுக அனுமதி போன்ற காரணங்களால் ஊரை மாற்றவும், தவிர்க்கவும் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதி இருப்பார்கள். "ஏஜெண்டு சொன்னாரே" என்று வாதாடிப் பயன் இல்லை.

பணம் எங்கே போகிறது?

பெரம்பூர் குடும்பத்துக்கு வருவோம்.

மறுநாளே போலீஸ் நிலையம் போனார்கள். "ரசீது இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி. ரொக்கமாகக் கொடுத்த ரூ.60 ஆயிரத்துக்கு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. செல்போனில் அனுப்பிய பணத்துக்கு வங்கிக் கணக்கில் தடயம் இருந்தது. அதுதான் கை கொடுத்தது.

ஏஜெண்டைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். 420 பாயும் என்று தெரிந்ததும் ஆசாமி வழிக்கு வந்தார். (2024 ஜூலை 1 முதல் மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு.) இரண்டு தவணையில் ரூ.1 லட்சம் திரும்பக் கொடுத்தார். பாக்கி ரூ.92 ஆயிரத்துக்காக பெரியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாந்தவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். "டெல்லி கோர்ட்டுக்கு உட்பட்டது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டியது இல்லை. கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். ஆனால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 1915 என்ற நம்பரில் நுகர்வோர் உதவி கேட்கலாம். இணையத்தில் பணம் பறிபோனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு போன் போட வேண்டும்.

கையில் வைத்துக் கொள்ள ஐந்து விஷயம்

ஒன்று: ஏஜெண்டின் பில் நம்பர் வேறு. கப்பல் கம்பெனியின் புக்கிங் நம்பர் வேறு. முன்பணம் கட்டியதும் கம்பெனி நம்பரைக் கேட்டு வாங்க வேண்டும். அதை வைத்து கம்பெனியிலேயே பெயர், அறை, தேதி இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். "நாளைக்கு வரும்" என்று இழுத்தால் அந்த ஏஜெண்டு வேண்டாம்.

இரண்டு: மீதிப் பணத்தின் கெடு முடிந்த மறுநாள் திரும்பவும் சரிபார்க்க வேண்டும். பெரம்பூர் குடும்பம் இதை மட்டும் செய்திருந்தால் துறைமுகம் வரை போய் அழுதிருக்க வேண்டாம்.

மூன்று: தனி ஆளின் செல்போன் நம்பருக்கு பணம் அனுப்பக் கூடாது. கம்பெனி பெயரில் உள்ள வங்கிக் கணக்கு அல்லது கிரெடிட் கார்டுதான் நல்லது. கார்டில் கட்டி இருந்தால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் ஆட்சேபம் எழுப்ப வழி உண்டு.

நான்கு: ரத்துப் பிடித்தத்தில் கம்பெனி எவ்வளவு, ஏஜெண்டு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும்.

ஐந்து: இரண்டு பேர், சென்னையில் ஏறி சென்னையில் இறங்கும் இரண்டு நாள் பயணம் என்றால் நேரே எடுக்கலாம். படிக்கப் பொறுமை இருந்தால் போதும். விசா, விமானம், வயதானவர்கள், பெரிய கோஷ்டி என்றால் விஷயம் தெரிந்த ஏஜெண்டு நல்லது.

மறுபடியும் துறைமுகம்

அடுத்த சீசனில் பெரியவர் மறுபடி டிக்கெட் எடுத்தார். "வேணவே வேணாம்" என்றார் அம்மாள். மருமகள் விடவில்லை.

இந்த முறை வேறு ஏஜெண்டு. அவர் ஆபீசிலேயே உட்கார்ந்து, எந்த அறை, எந்தத் தட்டு என்று எல்லாம் கேட்டுக் கொண்டார்கள். பணம் கட்டும் நேரம் வந்ததும் மருமகள் ஒரே வார்த்தை சொன்னார்.

"சார், யோசனை உங்களோடது. பணம் மட்டும் கம்பெனிக்கு நேரா போகட்டும்."

ஏஜெண்டு சிரித்தார். "தாராளமா செய்யலாம்மா. எனக்கு கமிஷன் கம்பெனியில இருந்து வந்துடும்" என்றார். கார்டு மூலம் பணம் கம்பெனிக்கே போனது. ஐந்தே நிமிடத்தில் புக்கிங் நம்பர் செல்போனில் வந்தது. மருமகள் அங்கேயே கம்பெனிக்கு போன் போட்டு 6 பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஏஜெண்டு கோபித்துக் கொள்ளவில்லை. இன்னொரு காபி சொன்னார்.

புறப்படும் நாள் வந்தது. அதே துறைமுகம். அதே கவுண்ட்டர். பெரியவர் ஆதார் கார்டுகளை நீட்டினார். கை லேசாக நடுங்கியது.

கவுண்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஆறு பேர். மூணு ரூம். வாங்க சார், வாங்கம்மா."

திரும்பி வந்த பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் அம்மாளைச் சுற்றிக் கொண்டார்கள். "கடல் எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டார்கள்.

"கடல் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு லிஸ்ட்டைப் பாத்துட்டு 'வாங்கம்மா'ன்னு சொல்லுச்சு பாரு, அப்பதான்டி எனக்கு உசிரே வந்துச்சு" என்றார் அம்மாள்.